ஓமன் மலைகளின் கற்கள்: வெள்ளிக்கிழமைப் பயணங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் பல, குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் வாடிகளுக்குக் கிளம்பிவிடும். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் காட்டாற்றுப் படுகைக்கு இங்கே வாடி என்று பெயர். அந்தப் பயணங்களில் கூழாங்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது என்னிடம் வருவார்கள். நான் சேலத்துக்காரன். வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் வளர்ந்ததால் கல்லின் மீது எனக்கு ஆசை அதிகம். ஆண்டுக்கணக்காகக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலைவன நாடு என்றால் மணல்தானே இருக்க வேண்டும்? இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது?

மணலும் இருக்கிறது. ஷர்கிய்யாவிலும் ரப் அல் காலியிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்மேடுதான். ஆனால் மஸ்கட்டுக்குப் பின்னால் எழும் ஹஜர் மலைத்தொடர் முழுக்கப் பாறை. மரமும் மண்ணும் மூடாததால் பாறை எலும்புக்கூடு போல வெளியே தெரிகிறது. நம் ஊர் மலைகளில் கல்லைப் பார்க்கப் புதரை விலக்க வேண்டும். இங்கே காரில் போகும்போதே படிக்கலாம்.

படிக்கக் கிடைப்பதும் சாதாரணக் கதை இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு போன்ற நிறத்தில், முடிச்சு முடிச்சாக நிற்கும் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை டெதிஸ் என்ற பழங்கடலின் அடித்தளம். அதற்கும் கீழே, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருந்த மேன்டில் என்ற அடுக்கின் பாறையும் அவற்றில் உண்டு. கடலடிப் பாறை கனமானது. நிலத்தட்டும் கடல்தட்டும் மோதினால் வழக்கமாக அதுதான் நிலத்துக்கு அடியில் புதைந்து போகும். இங்கே சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது அரேபியத் தட்டின் மேல் ஏறிக்கொண்டது. உலகில் இப்படிக் கரையேறிய கடலடிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று இது. சமாயில் என்ற ஊரின் பெயரால் சமாயில் ஓபியோலைட் என்று அழைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் ஆழ்கடலில் துளையிட்டால்தான் எட்டக்கூடிய பாறையின் மேல் இங்கே நாம் பாய் விரித்துப் பிரியாணி சாப்பிடுகிறோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

முதல்முறை போகிறேன். எந்தக் கற்களை நானே அடையாளம் காண முடியும்?

படுகையில் நின்று காலடியைப் பாருங்கள். வெள்ளம் பல மலைகளின் கற்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டியிருக்கும். வெளியே செம்பழுப்பாகவும் உடைந்த முகத்தில் கரும்பச்சையாகவும் இருந்தால் அது பெரிடோடைட், அதாவது மேலே சொன்ன மேன்டில் பாறை. எள்ளும் அரிசியும் கலந்தது போலக் கறுப்பும் வெள்ளையும் புள்ளியிட்டிருந்தால் காப்ரோ. கடலடிக்குக் கீழே மெல்லக் குளிர்ந்து உறைந்த பாறைக்குழம்பு. சாம்பல் நிறத்தில், சுலபமாகக் கீறல் விழுந்தால் சுண்ணாம்புப் பாறை.

காய்ந்த மிளகாய் நிறத்தில், கூரான விளிம்போடு, கத்தியால் கீறினாலும் கீறல் விழாத கல் செர்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரேடியோலேரியா என்ற, கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் சிலிக்கா கூடுகள் ஆழ்கடலில் படிந்து படிந்து உண்டான கல் இது. சாலைக்காக வெட்டிய சில இடங்களில், மடித்து வைத்த பட்டுப்புடவை போல இதன் அடுக்குகள் வளைந்து நிற்பதைக் காணலாம்.

பச்சையாக, வழவழப்பாக ஒரு கல் கிடைத்தது. மரகதமா?

இல்லை. அது செர்பென்டைன். பெரிடோடைட்டுக்குள் நீர் புகுந்து அதை மாற்றியதால் உண்டாவது. பாம்புத் தோல் போன்ற பளபளப்பும் சோப்பு தடவியது போன்ற வழவழப்பும் இதன் அடையாளங்கள். எஃகுக் கத்தியால் கீறிப் பாருங்கள், பெரும்பாலும் கீறல் விழும். மரகதத்தின் மேல் கத்தி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ராசிக்கல் தேடி வாடிக்கு வராதீர்கள் என்று நண்பர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். நவரத்தினம் கிடைக்கும் மண் இது இல்லை. மரகதம் என்று நினைத்து எடுத்தவர் வீட்டுக்குப் போய் உண்மை தெரிந்ததும் அதைக் குப்பையில் போடுவார். மேன்டிலிலிருந்து வந்த ஒரு கல்லின் முடிவு குப்பைத்தொட்டியாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாறைக்குள் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றனவே, ஸ்படிகமா?

மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸ், நாம் ஸ்படிகம் என்பது. கத்தியால் கீறல் விழுந்து, ஒரு சொட்டு வினிகர் பட்டதும் நுரைத்தால் கால்சைட். பீங்கான் போல வெள்ளையாக, பளபளப்பே இல்லாமல், வினிகர் பட்டும் சும்மா இருந்தால் பெரும்பாலும் மேக்னசைட். துருநிற மலைகளுக்குள் கிளை கிளையாக ஓடுவதில் மேக்னசைட் நிறைய.

இதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. சேலத்தில் நாங்கள் வெள்ளைக்கல் என்று சொல்வதும் இதுவே. அங்கும் இதன் தாய்ப்பாறை டூனைட் என்ற, பெரிடோடைட்டின் உறவுக்காரப் பாறை. காற்றில் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து இந்தப் பாறைக்குள் இறங்குகிறது. பாறையில் உள்ள மக்னீசியம் அதைப் பிடித்துக் கல்லாக்கி வைத்துக்கொள்கிறது. அதாவது அந்த வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு காலத்துக் காற்று பூட்டிக் கிடக்கிறது. புவி சூடாவதைத் தணிக்க இதே வேலையை வேகப்படுத்த முடியுமா என்று ஆராய உலகெங்கிலுமிருந்து அறிவியலாளர்கள் ஓமனுக்கு வருகிறார்கள்.

இதே மலைகளில் பால் கலந்த நீலத்தில், மேலே வெள்ளை ஆடை படிந்த ஊற்றுக் குட்டைகளைக் கண்டால் குடிக்காதீர்கள், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பாறையோடு நெடுங்காலம் பழகிய நீர் அது. அதன் காரத்தன்மை பிஹெச் 11-ஐத் தாண்டும். அந்த வெள்ளை ஆடையைக் குச்சியால் கலைத்து விளையாடவும் வேண்டாம்.

நார் நாராக, பஞ்சு போலப் பிரியும் கல் ஒன்றைப் பார்த்தேன். எடுத்து வரலாமா?

தொடவே வேண்டாம். செர்பென்டைன் பாறையின் விரிசல்களில் கிரைசோடைல் வளரும். அதுதான் வெள்ளைக் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். நார் முறியாமல் பாறைக்குள் இருக்கும்வரை ஆபத்து குறைவு. நகத்தால் பிரித்தால் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். பச்சைப் பாறையைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சைக் கறை படிந்த கற்களும் கறுப்பாக உருகிய கட்டிகளும் ஓர் இடத்தில் குவிந்து கிடந்தன. எரிமலையா?

பச்சைக் கறை மாலகைட், செம்பின் துரு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டிகள் எரிமலையிலிருந்து வந்தவை இல்லை. மனிதன் செம்பு உருக்கியபோது கொட்டிய கசடு அது. மெசபடோமியாவின் களிமண் பலகைகளில் மகன் என்று ஒரு நாடு வருகிறது, செம்பு அங்கிருந்துதான் கப்பலில் போனது. அந்த மகன் இந்த நிலப்பகுதிதான் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உலை எரிந்திருக்கிறது. சோஹாருக்கு உட்புறமுள்ள லசைல் பகுதியில், பழையவர்கள் தோண்டிய இடத்திலேயே 1980-களில் நவீனச் சுரங்கமும் நடந்தது.

ஆகவே கசடுக் குவியல் ஒரு தொல்லியல் இடம். அதிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. எந்தக் காலத்தில், எந்த விறகில், எவ்வளவு சூட்டில் உருக்கினார்கள் என்பதை அந்தக் கட்டியையும் அதில் ஒட்டிய கரியையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் எதைத்தான் எடுக்கலாம்?

முதலில் சட்டம். பூமிக்குள்ளும் மேலும் இருக்கும் கனிமங்கள் அரசின் சொத்து. 2019-இல் அரசாணை 19/2019 மூலம் வந்த கனிம வளச் சட்டப்படி, தேடுவதற்கும் தோண்டுவதற்கும் உரிமம் வேண்டும். அதே ஆண்டு பண்பாட்டு மரபுச் சட்டமும் வந்தது. இயற்கைக் காப்பகங்களுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கனிமத்துக்கு எரிசக்தி, கனிம அமைச்சகம். பழம்பொருளுக்கு மரபு, சுற்றுலா அமைச்சகம். ஊர்ப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சலாம் சொல்லி, பிள்ளைக்குக் காட்ட ஒரு கல் எடுக்கலாமா என்று கேட்டபோது காவா என்ற ஓமன் காபி கொடுத்து உட்காரவைத்தவர்கள்தான் எனக்குக் கிடைத்தவர்கள்.

சட்டத்துக்குள் நின்று நான் வைத்திருக்கும் வழக்கம் இது. காப்பகமும் தொல்லியல் இடமும் இல்லாத வாடியில், வெள்ளம் ஏற்கெனவே அடித்து வந்து போட்ட உதிரிக் கூழாங்கல்லை மட்டும் எடுப்பேன். ஒரு வகைக்கு ஒன்று. மூடிய கைக்குள் அடங்க வேண்டும். விற்பதில்லை. மலையோடு ஒட்டிய பாறையில் சுத்தியல் வைப்பதில்லை. படுகைக் கூழாங்கல் அடுத்த வெள்ளத்தில் கடலுக்குப் போகப் போவது, அதன் சொந்த இடத்தை அது முன்பே இழந்துவிட்டது. பாறையில் இருக்கும் கல் அப்படியல்ல. அதற்கு மேலே எது, கீழே எது, பக்கத்தில் எது என்பதிலேயே அதன் கதை இருக்கிறது.

ஆளுக்கு ஒன்று எடுத்தால் மலை தேய்ந்துவிடுமா?

மலை தேயாது, ஆனால் மலையில் சில இடங்கள் தேய்ந்துவிடும். சோஹாருக்குப் பின்னால் வாடி ஜிஸ்ஸியில் தலையணைகளை அடுக்கியது போல ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. கடலடியில் எரிமலைக்குழம்பு கசிந்து, தண்ணீர் பட்டதும் உருண்டை உருண்டையாக உறைந்தது. உலகப் பாடப்புத்தகங்களில் படமாக வரும் இடம் அது. அங்கே வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு உடைத்தால் பத்து ஆண்டில் வெறும் சரளைதான் மிஞ்சும். யாரும் மதிக்காத படுகையில் கை தாராளமாக இருக்கலாம். பேர் பெற்ற இடத்தில் கேமரா போதும்.

கல்லை விட வண்டிச் சக்கரம்தான் அதிகம் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சரளைச் சமவெளியில் ஒருமுறை பதிந்த டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. இருக்கும் தடத்திலேயே ஓட்டுங்கள்.

பாலைவன ரோஜா எங்கே கிடைக்கும்?

சப்கா என்ற உப்புச் சதுப்பு நிலங்களில். நிலத்தடி உப்புநீர் வெயிலில் ஆவியாகும்போது ஜிப்சம், மணலையும் உள்ளே சேர்த்துக்கொண்டு இதழ் இதழாகப் படிகமாகிறது. நகத்தால் கீறினாலே கீறல் விழும், இதழ் சட்டென்று ஒடியும். தோண்டினால்தான் கிடைக்கும் என்பதால் என் வழக்கப்படி இது எடுக்கக் கூடாத பட்டியலில் சேர்கிறது. மேலும் சப்காவின் மேற்பரப்பு காய்ந்த தரை போலத் தெரியும், அடியில் சேறு. உம் அஸ் சமீம் என்ற பெரிய சப்கா பக்கம் வண்டியோடு இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

முத்ரா கடைவீதியில் கல் வாங்க நினைத்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நான் வாங்குவதில்லை.

மலை உச்சியில் சிப்பி, சில்லறைக் காசு போன்ற கற்கள் இருந்தன. யாராவது கொண்டுவந்து போட்டார்களா?

கடலே கொண்டுவந்து போட்டது. ஜெபல் அக்தரின் சாயிக் பீடபூமி சுமார் 2,000 மீட்டர் உயரம். அதன் சுண்ணாம்புப் பாறை ஆழமில்லாத கடலில் படிந்தது. பின்னர் மலையாக எழுந்தது. காசு போன்றவை, சாயிக்கில் அல்ல, அதைவிட இளைய சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் நம்முலைட் என்ற ஒற்றைச் செல் உயிரின் கூடுகளாக இருக்கலாம். கீசா பிரமிடின் கற்களிலும் இவை உண்டு. அரியலூரில் சுண்ணாம்புச் சுரங்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நம் ஊரும் அப்படிக் கடலாக இருந்த இடம்தான்.

புதைபடிவம் அகப்பட்டால் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ பேனாவையோ பக்கத்தில் வையுங்கள். பாறையில் பதிந்திருப்பதைப் பெயர்க்காதீர்கள். பெயர்க்கும்போது பாதி உடைந்துவிடும், மீதிப் பாதியை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு அருகில் பார்க்க வேண்டுமானால் மஸ்கட் அல் குவைரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது.

உடைந்த பானை ஓடுதானே, அதைக்கூடவா எடுக்கக் கூடாது?

சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரியில் சும்ஹுரம் என்ற பழந்துறைமுகம் இருக்கிறது, சாம்பிராணி ஏற்றுமதியான இடம். 2006-இல் இத்தாலியத் தொல்லியல் குழு அங்கே ஓர் ஓட்டுத் துண்டைக் கண்டெடுத்தது. அதில் கீறியிருந்த எழுத்து தமிழ்ப் பிராமி. ணந்தை கீரன் என்று படித்தார்கள், ஒரு மனிதனின் பெயர். முதல் நூற்றாண்டு அளவில் நம் ஆள் ஒருவர் இந்தக் கரையோடு தொடர்பு வைத்திருந்தார் என்பதற்கு அந்த ஓடு சாட்சி. யாரோ ஒரு பயணி அதற்கு முன்பே அதைப் பையில் போட்டிருந்தால் கீரன் என்ற பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

தேன்கூடு போலக் கல் அடுக்கிய பழங்கல்லறைகளுக்கும் இதே விதி. பாத், அல் குத்ம், அல் அய்ன் இடங்கள் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அடுப்புக்கூட்ட அங்கிருந்து ஒரு கல்லை உருட்டாதீர்கள். செர்ட் கற்களிலும் கவனம் வேண்டும்: ஒரே பக்கமாகச் செதுக்கியது போல விளிம்பு இருந்தால் அது கற்கால மனிதனின் கருவியாக இருக்கலாம். இருந்த இடத்திலேயே விடுங்கள்.

கறுப்பாக, கனமாக ஒரு கல், காந்தமும் ஒட்டுகிறது. விண்கல்லா?

மேன்டில் பாறையில் மேக்னடைட் இருப்பதால் இங்கே ஏராளமான கற்களில் காந்தம் ஒட்டும். கசடிலும் ஒட்டலாம். வெயிலில் நெடுங்காலம் கிடந்த கல்லின் மேல் கறுப்பு மெருகு படிவதும் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால், அது பிறந்த இடத்தின் காந்த நினைவு அதற்குள் இருக்கும். நம் காந்தம் பட்டதும் அது அழிந்துவிடும்.

ஆனாலும் கேள்வி வீண் இல்லை. நடு ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளி, உலகில் விண்கற்கள் அதிகம் கிடைத்த இடங்களில் ஒன்று. வெளிர்ந்த சுண்ணாம்புத் தரையில் கறுப்புக் கல் பளிச்சென்று தெரியும். மழை அரிது என்பதால் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். 2001 முதல் சுவிஸ் அறிஞர்களும் ஓமன் அரசும் சேர்ந்து தேடிவருகிறார்கள். 2002-இல் அவர்கள் சய்ஹ் அல் உஹைமிரில் கண்டெடுத்த 206 கிராம் கல் நிலவிலிருந்து வந்தது.

விண்கல்லை அனுமதியின்றி நாட்டை விட்டு எடுத்துச் செல்லக் கூடாது. 2011-இல் விண்கல் தேடி வந்த வெளிநாட்டவர் இருவர் கைதாகிச் சிறையில் இருந்தார்கள். சந்தேகமான கல்லைக் கண்டால் தொடாமல் படம் எடுத்து, கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்து, அமைச்சகத்துக்குத் தெரிவியுங்கள்.

எடுத்த கல்லை எப்படி வைத்துக்கொள்வது?

எடுத்த உடனே எழுதுங்கள். வாடியின் பெயர், தேதி, கைப்பேசி காட்டும் இருப்பிட எண்கள், சுற்றிலும் என்ன கற்கள் இருந்தன. கல்லின் ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு எண் இட்டு, அதே எண்ணை நோட்டிலும் போடுங்கள். முதல் ஆண்டு நான் இதைச் செய்யவில்லை. ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கற்கள், அழகானவை, எதுவும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு மாணவன் அதில் ஒன்றைக் காட்டிக் கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன். அந்த டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது விமானத்தில் கொண்டு போகலாமா?

கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடலாம். பெட்டியில் வைக்கும் முன் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். அனுமதி இல்லாமல் மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணோடு பூச்சி முட்டையும் விதையும் வரும். கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டு கல் போலத் தெரிந்தாலும் அது உயிரினம். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். முன்சொன்ன கசடு, ஓடு, புதைபடிவம், விண்கல் ஆகியவற்றை நீங்கள் எடுத்திருக்கவே மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் பை நிறையப் பொறுக்கிவிட்டார்கள். பிடுங்கினால் அழுகிறார்கள்.

பிடுங்காதீர்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு துண்டை விரித்து எல்லாக் கற்களையும் கொட்டச் சொல்லுங்கள். நிறம் பார்த்து, கனம் பார்த்து, வகை வகையாகப் பிரிக்கட்டும். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஏன் என்றும் கேளுங்கள். மற்றவற்றை அதே படுகையில் அவர்கள் கையாலேயே வைக்கட்டும். என் மகள் ஆறு வயதில் இப்படித் தேர்ந்தெடுத்த செர்ட் கல் இன்னும் அவள் மேசையில் இருக்கிறது.

எப்போது போகலாம்? என்ன ஆபத்து?

நவம்பர் முதல் மார்ச் வரை. தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் தொலைவில் மலைமேல் மேகம் கறுத்தால் உடனே படுகையை விட்டு மேடேறுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி பெய்யாமலே வெள்ளம் வரும். ஓடும் வாடியில் வண்டியை இறக்குவது இங்கே தண்டனைக்குரிய குற்றமும் கூட. உள்ளே போனால் இரண்டு வண்டியாகப் போங்கள். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கம் திறக்கும்படி புரட்டுங்கள், அடியில் தேளோ விரியனோ இருக்கலாம்.

இதையெல்லாம் தெரியாமல் முன்பே நிறைய எடுத்துவிட்டேன். திருப்பி வைத்துவிடட்டுமா?

எடுத்த இடம் உறுதியாகத் தெரிந்தால் திருப்பி வையுங்கள். தெரியாவிட்டால் கண்ட இடத்தில் போடாதீர்கள். நாளை ஒருவர் அதைப் பார்த்து, இந்த மலையில் இந்தக் கல் இருக்கிறது என்று தவறாக எழுதிக்கொள்வார். இடம் தெரியாத சாதாரணக் கற்களைப் பள்ளிக்குக் கொடுங்கள். கீறிப் பார்க்கவும் வினிகர் ஊற்றிப் பார்க்கவும் அவை போதும். பானை ஓடோ புதைபடிவமோ இருந்தால், நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, கல்லோடு சேர்த்து மரபு அமைச்சகத்தில் ஒப்படைப்பதே சரி. என் பிஸ்கட் டப்பாவிலிருந்த கற்களில் பாதியை இங்குள்ள ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எது மேக்னசைட், எது கால்சைட் என்று அந்தப் பிள்ளைகள் சென்ற மாதம் எனக்குப் பட்டியல் அனுப்பினார்கள். இரண்டைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.